மூன்று மணி நேர இருட்டு

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெளிச்சத்துக்குப் பஞ்சம் கிடையாது.

போன வருடம் தணிக்கைக்கு வந்த ஒருவர் இரண்டாம் மாடியில் ஓர் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. நாற்காலியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கியவர் யார், ஏன் தூங்கினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விளக்கு ஏன் எரியவில்லை என்றுதான் விசாரித்தார்கள். எழுபது பக்கத்தில் அறிக்கை வந்தது. அதன் பயனாக அடுத்த வருடம் முழுவதும் 'வெளிச்ச ஆண்டு' என்று அறிவிக்கப்பட்டது. மரக்கதவுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவுகள் போட்டார்கள். ஸ்விட்சுகளைச் சுவரோடு பிடுங்கி, ஓட்டைகளைச் சிமெண்டால் பூசினார்கள்.

"ஸ்விட்ச் இருந்தாத்தானே அணைப்பாங்க" என்றார் புதிதாக நியமிக்கப்பட்ட இணை இயக்குநர் (வெளிச்சம்). அவரை எல்லோரும் வெளிச்ச அதிகாரி என்றே அழைத்தார்கள். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் தூங்குகிறவர்கள் நல்ல வெளிச்சத்தில் தூங்கினார்கள்.

இதனால் சங்கடப்பட்டவள் லென்ஸ் அக்கா ஒருத்திதான்.

பத்தொன்பது வருடமாகத் தரைத்தளத்தில் பெரிய மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். மைக்ரோஸ்கோப் என்றால் கைக்கு அடக்கமானது இல்லை. தரையோடு முடுக்கி வைத்தது, ஓர் இரும்பு அலமாரி அளவு இருக்கும். அதில் அவள் பார்ப்பது ஈரல் செல்களை. ஈரல் செல் பித்தத்தைச் சுரந்து, தன் சுவரில் இருக்கும் ஒரு சின்னக் கதவு வழியாக வெளியே தள்ளிவிட வேண்டும். கதவு திறக்காவிட்டால் பித்தம் உள்ளேயே தேங்கி, செல் தான் சுரந்ததிலேயே தான் மூச்சுமுட்டிச் சாகும். பித்த அமிலம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் இடுப்பில் ஒரு குட்டி விளக்கைக் கட்டிவிட்ட மாதிரி, ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். அது எங்கே போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த விளக்கு மிக மிக மங்கல். சுற்றிலும் கும்மிருட்டாக இருந்தால்தான் தெரியும். அதைவிட ஒன்று, வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான்.

படைத்தவன் ஈரலை உடம்புக்குள் இருட்டில்தான் வைத்தான். அந்த இருட்டுக்கு அவன் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. ஆனால் அவன் இந்த நிலையத்தில் வேலை பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். ஆகவே ஐந்து மாதமாக மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டு, உறையின் மேல் விழும் தூசியைத் தட்டி, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளம் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஈரல் டாக்டரம்மா வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. பின்னால் ஒரு லாரி டிரைவர். அவர் தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை.

குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. இரண்டு கைகளிலும் காலுறை மாட்டியிருந்தார்கள்.

"சொறிஞ்சுக்கிறா" என்றார் லாரிக்காரர். "ராத்திரி பகல் கிடையாதும்மா. ரத்தம் வர்ற வரைக்கும் சொறியறா. நகத்தை வெட்டிக்கிட்டே இருக்கேன். இனி வெட்டறதுக்கு நகமே இல்லை." அவர் லாரிச் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கியது.

டாக்டரம்மா பெட்டியை மேசையில் வைத்தாள். "குட்டியோட ஈரல்ல இருந்து துளி எடுத்து மூணு தட்டுல செல் வளர்த்திருக்கோம். பித்தம் போற கதவு இவளுக்குத் திறக்கலை. வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன். அப்பா ஈரல்ல பாதியை எடுத்து இவளுக்கு வைக்கணும். ஆனா ரெண்டு மருந்து இருக்கு. ஏதாவது ஒண்ணு அந்தக் கதவைத் திறந்தா கத்தி வேண்டாம், மாத்திரை போதும். எது திறக்கும், திறக்குமா திறக்காதான்னு உங்க மைக்ரோஸ்கோப்தான் சொல்லணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு மேல குழந்தையைத் தயார்பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தை."

"என்னை வெட்டட்டும்மா, எனக்கென்ன" என்றார் லாரிக்காரர். "இவளை வெட்டாம இருக்க முடியுமான்னு பாருங்க."

அக்கா தலைக்கு மேலே எரிந்த ஆறு குழல் விளக்குகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"பார்த்துடலாம்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

இருட்டு வேண்டுமென்றால் அதற்கு ஒரு படிவம் இருந்தது. தேவைப்படும் இருட்டின் அளவு என்ன, இதே வேலையை வெளிச்சத்தில் செய்ய முடியாததற்குக் காரணம் என்ன, விண்ணப்பதாரர் இதற்கு முன் எப்போதாவது இருட்டில் இருந்திருக்கிறாரா, இருந்தால் எங்கே, யாருடன் என்று பதின்மூன்று கேள்விகள். அக்கா நெற்றியைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். பதினான்காவது கேள்வியில் நின்றுவிட்டாள். 'பயன்படுத்திய பின் இருட்டு என்ன செய்யப்படும்?'

அதை வெற்றாக விட்டுக் கொடுத்தாள். அரைமணி நேரத்தில் படிவம் திரும்பி வந்தது.

"பதினாலு காலியா இருக்கே" என்றார் எழுத்தர்.

"இருட்டை என்ன ஐயா செய்யறது? விளக்கு போட்டா போயிடும்."

"போயிடும்னு எழுதினா வீணடிப்புன்னு ஆட்சேபணை வரும். 'பின்னர் தெரிவிக்கப்படும்'னு போடுங்க. அதுக்கு மேல யாரும் கேட்க மாட்டாங்க."

அக்கா அப்படியே எழுதினாள்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "இருட்டுக்கு விண்ணப்பமா?" என்று ஊசியை நிறுத்தினார். "நம்ம வீட்டுல கரண்ட் போனா சும்மாதானே கிடைக்குது. டிபன் டப்பாவுல அடைச்சுத் தர்றேன், எடுத்துட்டுப் போ."

சிரிப்பு வந்தது. சிரித்தாள். ஆனால் கண்ணை மூடினால் காலுறை மாட்டிய இரண்டு கைகள் தெரிந்தன.

புதன்கிழமை காலை இருட்டு அனுமதிக் குழு ஐந்து பேராக வந்தது. அறை உண்மையிலேயே இருட்டாகுமா என்று சோதிக்க வேண்டுமாம். எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஆறு குழல் விளக்குகளையும் கழற்றினார். கண்ணாடிக் கதவுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். கதவின் அடி இடுக்கிலும் துணியைச் சுருட்டிச் செருகினார்கள். அறை கும்மிருட்டானது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு சீராக வந்தது. உடனே குழுவினர் ஐந்து பேரும், எங்கே இடித்துக்கொள்வோமோ என்று, ஆளுக்கொரு டார்ச்சை அடித்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு அறிக்கை வந்தது. 'குழு நேரில் ஆய்வு செய்தபோது அறையில் ஐந்து இடங்களில் வெளிச்சம் காணப்பட்டது. எனவே அறை இருட்டுக்குத் தகுதியற்றது.'

அக்கா ஓட்டமும் நடையுமாக வெளிச்ச அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் அறையில் பகலிலும் பதினெட்டு விளக்குகள். அவர் முகத்தில் எங்குமே நிழல் விழவில்லை. அதனால் அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"அந்த அஞ்சு வெளிச்சமும் அவங்க டார்ச்சுங்க ஐயா."

"யாருடையதுங்கிறது அறிக்கையோட விஷயம் இல்லையேம்மா. இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?" அவர் பொறுமையானவர். கையால் உட்காரச் சொன்னார். "பாருங்கம்மா. இந்த நிலையத்துல நான் வந்த பிறகு ஒளிவு மறைவே கிடையாது. யாரு வேணும்னாலும் எந்த அறையை வேணும்னாலும் எட்டிப் பார்க்கலாம். உள்ள ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலைன்னு கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். முன்னாடி அந்த வசதி இருந்துச்சா? சும்மா நம்பிக்கை மேலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சரி, ஒளிருதுங்கறீங்களே, அதைக் கொண்டாங்க, பார்ப்போம். ஒளிர்ற பொருளுக்குத்தான் இருட்டு தர முடியும்."

பித்தச் சாயம் இரண்டே குப்பிகள் இருந்தன. ஒரு குப்பி செய்ய வேதியியல் பிரிவில் மூன்று வாரம் ஆகும். அக்கா தகரத்தாளில் சுற்றி ஒன்றை எடுத்து வந்தாள். தாளைப் பிரிக்காமல் நின்றாள்.

"பிரிக்காம எப்படிம்மா பார்க்கிறது?"

"பிரிச்சா வெளுத்துடும் ஐயா."

"பார்த்தா கெட்டுப்போற பொருளை இந்த வெளிச்ச ஆண்டுல யாரும்மா ஏத்துக்குவாங்க?"

குழுவினர் ஐந்து பேரையும் வரவழைத்துப் பிரித்தார்கள். பதினெட்டு விளக்குக்கு அடியில் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். ஒளிரவில்லை. ஒருவேளை வெளிச்சம் போதவில்லையோ என்று ஒருவர் அதை ஜன்னலோரம் வெயிலில் வைத்தார். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தார்கள். அப்போதும் ஒளிரவில்லை. 'ஒளிராத் தன்மை உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். குப்பியைப் பத்திரமாக அக்காவிடமே திருப்பித் தந்தார்கள். அது இனி தண்ணீருக்குச் சமம்.

"வேற குப்பி இருக்கா?" என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. பொய் சொல்லாத வாய் அவளுடையது. அன்று அந்த வாய் மூடியே இருந்ததற்காகப் பிறகு கடவுளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அனுமதி வந்தது. காரணம் டாக்டரம்மாவின் மூன்று தொலைபேசி அழைப்பா, அக்காவின் பிரார்த்தனையா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று வெளிச்ச ஆண்டின் பாராட்டு விழா. அதில் வெளிச்ச அதிகாரி பேச வேண்டும். தாராள மனதுக்கு ஓர் உதாரணம் அவர் பேச்சில் குறைவாக இருந்தது என்று எழுத்தர் சொன்னார்.

மூன்று மணி நேர இருட்டு. பத்து மணி முதல் ஒரு மணி வரை. நிபந்தனைகள் பதினேழு. கைபேசி ஒளிரும் ஆகையால் வெளியே ஒப்படைக்க வேண்டும். வெளிச்சம் கசியாமலிருக்கக் கதவை வெளியிலிருந்து பூட்டி அரக்கு முத்திரை வைக்கப்படும். முத்திரையைக் குழு மட்டுமே உடைக்கலாம். உள்ளே ஒரு கண்காணிப்பாளர் உடன் இருப்பார். இருட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துக் கால்மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுவார்.

ஒப்படைப்புக்குப் புகைப்படக்காரர் வந்திருந்தார். இருண்ட அறையின் வாசலில் வெளிச்ச அதிகாரி அக்காவிடம் சான்றிதழை நீட்டினார். பிளாஷ் மின்னியது.

"இருட்டு விழலை சார்" என்றார் புகைப்படக்காரர். இன்னும் நாலு தடவை மின்னிப் பார்த்தார். விழவே இல்லை.

கதவு மூடியது. பூட்டின் சத்தம் கேட்டது. அரக்கு உருகும் வாசனை இடுக்கு வழியாக வந்தது.

உள்ளே அக்காவும், கண்காணிப்பாளராக வந்த பதிவேட்டுக்காரரும், மூன்று தட்டுகளில் குட்டியின் செல்களும் இருந்தார்கள். பதிவேட்டுக்காரர் முப்பத்துநாலு வருடம் சர்வீஸ் போட்டவர். ஓய்வுக்குத் தொண்ணூற்றிரண்டு நாள் இருந்தது. மடியில் பக்க எண் அச்சிட்ட பதிவேடு, கையில் டார்ச்.

அக்கா ஒரு நொடி கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். இரண்டாவது குப்பியைத் திறந்து, மூன்று தட்டிலும் சாயத்தை அளந்து விட்டாள்; இரண்டு தட்டுகளில் ஆளுக்கொரு மருந்தையும் சேர்த்தாள். மருந்து போடாத தட்டைத்தான் முதலில் வைத்தாள். படமும் எடுத்துவிட்டாள். அப்போது கால்மணி ஆனது. டார்ச் எரிந்தது.

"ஐயா, அணைங்க, அணைங்க!"

"எழுதணும்லம்மா. 'பத்தேகால், இருவர் உள்ளனர், இருட்டு குறையவில்லை'ன்னு எழுத வேணாமா? இருட்டு குறையலைன்னு பார்க்கிறதுக்கு வெளிச்சம் வேணும்தானே?"

அவர் எழுதி முடிப்பதற்குள் முதல் தட்டு பாதி வெளுத்துவிட்டது. நல்ல வேளை, மற்ற இரண்டும் மூடிக்குள் இருந்தன. அக்கா கத்த நினைத்தாள். அவர் முகத்தில் பயம் இருந்தது. வேலை போய்விடுமோ என்கிற பயம். அந்தப் பயத்தை அவள் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை.

"ஐயா, இங்க வந்து ஒரு தடவை இதுல கண்ணை வெச்சுப் பாருங்க" என்றாள். "எதைக் கண்காணிக்கிறோம்னு உங்களுக்கும் தெரிய வேண்டாமா?"

அவர் தட்டுத் தடுமாறி வந்து குனிந்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

"பச்சைக் கல் பதிச்ச தரை மாதிரி இருக்கே."

"ஒவ்வொரு கல்லும் ஒரு செல். பச்சையா இருக்கிறது பித்தம். உள்ள வந்தது உள்ளயே கிடக்கு. வெளியே போக வழி இல்லை."

"நம்ம ஃபைல் மாதிரி" என்றார் அவர். பிறகு, "இது யாரோடது?" என்று கேட்டார்.

"நாலு வயசுக் குழந்தையோடது. செவ்வாய்க்கிழமை வந்தாளே, கையில சாக்ஸ் போட்டுக்கிட்டு."

"அந்தக் குட்டியா? வாசல்ல என்னைப் பார்த்து மிட்டாய் இருக்கான்னு கேட்டா. என்கிட்ட இல்லை."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். இருட்டில் ஏதோ திருகும் சத்தம். பிறகு அக்காவின் உள்ளங்கையில் இரண்டு பாட்டரிக் கட்டைகள் வந்து விழுந்தன.

"நீங்களே வெச்சுக்கோங்க. என்கிட்ட இருந்தா கை தானா போயிடும். பழக்கம்."

"எழுதணுமே ஐயா?"

"எழுதறேன். எழுதணும்னுதான் விதி. படிக்க முடியணும்னு இல்லை."

அதன் பிறகு கால்மணிக்கு ஒருமுறை பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. எழுதினதன் மேலேயே எழுதினாரோ, தொடையில் எழுதினாரோ, அவருக்கே வெளிச்சம்.

முதல் மருந்துத் தட்டை வைத்தாள். கல் கல்லாகப் பச்சை. நாற்பது நிமிடம் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. இரண்டாவது மருந்துத் தட்டை வைத்தாள். பச்சைதான். கால்மணி, அரைமணி. கழுத்து வலித்தது. குட்டியின் அப்பாவை மேசையில் படுக்க வைக்கிற காட்சி மனதில் வந்து வந்து போனது. 'உன் கதவை நீதான் திறக்கணும்' என்று யாரிடமோ முணுமுணுத்தாள். செல்லிடமா, கடவுளிடமா என்று பதிவேட்டுக்காரருக்குப் புரியவில்லை. புரியாததை அவர் பதிவு செய்யவில்லை.

பன்னிரண்டரைக்கு இரண்டு கற்களுக்கு நடுவில் ஒரு கோடு தெரிந்தது. நூல் போல. கண் பூத்துப்போனதோ என்று இமைத்துவிட்டுப் பார்த்தாள். கோடு இருந்தது. அதிலிருந்து கிளை பிரிந்தது. கிளையிலிருந்து கிளை. கற்கள் மங்க மங்க நடுவிலிருந்த கோடுகள் பளிச்சென்று ஆயின. உயரத்திலிருந்து பார்க்கிற ஆறு மாதிரி, பித்தம் தன் வழியைக் கண்டுபிடித்து ஓடியது.

"ஐயா, திறந்திருச்சு" என்றாள்.

ஒரு மணி ஆனது. யாரும் வரவில்லை.

ஒன்றே கால். அக்கா கண்ணாடியைத் தட்டினாள். ஒன்றரை. இருவரும் சேர்ந்து தட்டினார்கள். வெளியே காவலாளியின் குரல் மட்டும் வந்தது. "சீல் வெச்சதை நான் தொடக்கூடாதும்மா. குழு மொத்தமும் விழா மேடையில இருக்கு. எனக்கும் அங்கதான் டியூட்டி போட்டிருக்காங்க, கைதட்ட." அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

அக்கா கதவில் கையை ஊன்றி நின்றாள். விடை கையில் இருக்கிறது. எதிர்ச்சாரிக்குப் போக நூறு அடி. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவும் காசு அளவு அரக்கும். காலையிலிருந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை இப்போது உள்ளே நின்று பார்த்தாள்.

தாழ்வார ஒலிபெருக்கியில் வெளிச்ச அதிகாரியின் பேச்சு வந்தது. "நண்பர்களே, இந்த ஆண்டு நம் நிலையத்தில் ஒரு கண்டுபிடிப்புகூட மறைக்கப்படவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தோம், மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. இது நம் அனைவரின் கூட்டு உழைப்பு. அதே சமயம் நாம் பிடிவாதக்காரர்களும் அல்ல. இன்று காலை ஓர் ஊழியருக்கு மூன்று மணி நேர இருட்டை மனமுவந்து வழங்கினோம். உள்ளே போனவர்கள் முழுத் திருப்தியோடு இருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இந்த நிமிடம் வரை ஒரு புகாரும் வெளியே வரவில்லை."

கைதட்டல் கேட்டது. காவலாளியும் தட்டியிருப்பார்.

"நல்ல மனுஷன்தான்" என்றார் பதிவேட்டுக்காரர். "வெளிச்சத்துலயே இருந்து இருந்து கண்ணு கூசிப்போச்சு."

இரண்டு இருபதுக்குத் தாழ்வாரத்தில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. மாப்பம்மா. பக்கெட்டும் மாப்புமாகவே திரிவதால் தரை துடைக்கிற அந்தப் பெண்மணிக்கு அதுதான் பெயர். அவளை விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

"மாப்பம்மா!"

"யாரது? லென்ஸா? உள்ள என்ன பண்றே?"

"அடைச்சுட்டுப் போயிட்டாங்க. எதிர்ல ஈரல் டாக்டரம்மாகிட்ட ஒரு சேதி சேரணும். இப்பவே."

"சொல்லு, போய்ச் சொல்றேன்."

"வாய்ல சொன்னா ஆபரேஷனை நிறுத்த மாட்டாங்க. எழுதிக் கொடுக்கணும்." அக்கா இருட்டில் மேசையைத் துழாவினாள். காகிதம் கொண்டுவரக் கூடாது என்பது பதினோராவது நிபந்தனை. உள்ளே ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பதிவேட்டைத் தவிர.

பதிவேட்டுக்காரர் மடியிலிருந்த பதிவேட்டைத் தடவிப் பார்த்தார். பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் ஒரு பக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டிடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. முப்பத்துநாலு வருடத்தில் அவர் ஒரு மூலையைக்கூட மடித்ததில்லை.

"பாட்டரியைக் கொடுங்கம்மா" என்றார்.

டார்ச் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் ஏழாம் பக்கத்தை, தையலோரம் விரலை வைத்து, குழந்தைக்கு நகம் வெட்டுகிற பக்குவத்தில் கிழித்தார். அக்கா எழுதினாள். 'முதல் மருந்து பயனில்லை. இரண்டாவது மருந்து கதவைத் திறக்கிறது. படம் என்னிடம் இருக்கிறது. கத்தி வேண்டாம்.' கீழே கையெழுத்துப் போட்டாள். கேட்காமலே அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார். அடியிலிருந்த கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, இடுக்கு வழியாகத் தாளைத் தள்ளினார்கள்.

வெளியே மாப்பம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் கேட்டது. 'கத்தி வேண்டாம்' வந்ததும் நிறுத்தினாள். "அந்தச் சொறியற குட்டியா?" என்றாள். "இதோ போறேன். என் பக்கெட்டை யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க, பார்த்துக்கோ."

பூட்டிய அறைக்குள் இருந்தபடி அக்கா பக்கெட்டைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு ஐம்பது ஆனது. மூன்று ஆனது. மூன்றேகால். இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அறையில் காற்று புழுங்கியது. ஒலிபெருக்கியில் நன்றியுரை போய்க்கொண்டே இருந்தது. மூன்றரைக்குச் செருப்பு தபதபவென்று வந்தது.

"கொடுத்தாச்சு. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். வாசல்ல உள்ள விட மாட்டேன்னான். தரை துடைக்கணும்னேன், விட்டுட்டான். டாக்டரம்மா படிச்சுட்டு அப்படியே நாற்காலியில உட்கார்ந்துடுச்சு. லாரிக்காரர் என் காலைத் தொட வந்தார். ஈரம், வழுக்கும்னு சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "பக்கெட் இருக்கு, இல்ல?"

"இருக்கு மாப்பம்மா" என்றாள் அக்கா. கண்ணீரைத் துடைக்க அந்த இருட்டு வசதியாக இருந்தது.

ஐந்தரை மணிக்குக் குழு வந்து, ஐந்து டார்ச் வெளிச்சத்தில் முத்திரையை உடைத்தது. பதிவேட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஆறு பக்கத்துக்குப் பேனா மழை பெய்திருந்தது. ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததால் ஆட்சேபணை எழுப்ப வழியும் இல்லை. அந்த நிலையத்தின் வரலாற்றில் எந்தக் குறையும் சொல்லப்படாமல் ஏற்கப்பட்ட பதிவேடு அது ஒன்றுதான்.

ஏழாம் பக்கம் மட்டும் வம்பாயிற்று. பக்கம் எங்கே என்று பதிவேட்டுக்காரருக்கு மெமோ வந்தது. மருத்துவமனையில் குழந்தையின் கோப்பில் இருக்கிறது என்றார் அவர். திருப்பிக் கேட்டு எழுதினார்கள். நோயாளியின் ஆவணத்தைத் தர இயலாது என்று மருத்துவமனை பதில் எழுதியது. பக்கம் வராமல் பதிவேட்டை முடிக்க முடியாது. பதிவேட்டை முடிக்காமல் அவரை ஓய்வில் அனுப்ப முடியாது. தொண்ணூற்றிரண்டு நாள் கழிந்தது. நூறும் கழிந்தது. அவர் தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். ஒருநாளும் அக்காவைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சட்டைப் பையில் மட்டும் புதிதாக இரண்டு மிட்டாய் இருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, லாரிக்காரர் வந்தார். குட்டி தோளில் இல்லை, முன்னால் ஓடி வந்தாள். டாக்டரம்மா நகலை வைத்துக்கொண்டு அசல் ஏழாம் பக்கத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள். குட்டியின் கண்ணில் மஞ்சள் இல்லை. கையில் காலுறை இல்லை. லாரிச் சாவிக்கொத்தில் நகவெட்டி இல்லை.

"மிட்டாய் இருக்கா?" என்று கேட்டாள் குட்டி.

"இருக்கே" என்றார் பதிவேட்டுக்காரர். அவள் நீட்டிய கையைப் பார்த்தபடியே இருந்தார்.

பக்கத்தை ஒட்டினார்கள். எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார், "இன்னும் ஒண்ணு பாக்கி. படிவத்துல பதினாலு. 'பயன்படுத்திய பின் இருட்டு என்ன செய்யப்படும்?' பின்னர் தெரிவிக்கப்படும்னு போட்டிருக்கீங்க. தெரிவிக்கலையே."

பதிவேட்டுக்காரர் பேனாவை எடுத்தார். வெளிச்சத்தில், தெளிவாக, குண்டு குண்டாக எழுதினார். 'பத்து நகம் வளர்ந்திருக்கிறது.'

கோப்பு மேலே போனது. மதியத்துக்குள் வெளிச்ச அதிகாரியின் குறிப்போடு கீழே வந்தது. 'ஏற்கலாம். எனினும் ஒவ்வொரு நகத்தின் நீளமும் தனித்தனியே மில்லிமீட்டரில் குறிப்பிடப்பட வேண்டும்.'

லென்ஸ் அக்கா பத்தொன்பது வருடத்தில் மனமொப்பிப் பதில் எழுதிய ஒரே ஆட்சேபணை அதுதான். குட்டியை மேசைமேல் உட்கார வைத்து, அளவுகோலை எடுத்தாள்.

"கையைக் காட்டு கண்ணு. முதல்ல சுண்டுவிரல்."

"ரெண்டரை" என்றாள்.

"ரெண்டரை" என்று பதிவேட்டுக்காரர் எழுதிக்கொண்டார். "அடுத்தது?"